தட்டினால் நிமிரும் கைகாட்டி

தேக்கா, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். பதிலையும் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் இருவருக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று உனக்கே தெரியும். அதனால் காலையில் சிராங்கூன் சாலையில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். படித்த பிறகு இதை லாக் கார்டு இருக்கும் கோப்பிலேயே வை. வேலை முடியும்வரை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

நீ கேட்டது இதுதான். அப்பாவின் மோரிஸ் மைனரை இரண்டு பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் சொல்லும் விலை குறைவு. அதற்கு மேல் நாற்பது கேள்வி. மெல்பர்ன்காரர் நாலாயிரம் வெள்ளி கூடத் தருகிறேன் என்கிறார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை, இந்த மாதமே கப்பலில் ஏற்றச் சொல்கிறார். "மெல்பர்னுக்கே கொடுத்துவிடலாமா மாமா?"

பொறு. அதற்கு முன் அந்த வண்டி யாருடையது என்று பார்ப்போம்.

வண்டியின் பதிவு ஆவணமான லாக் கார்டில் இன்னும் உன் அப்பாவின், என் அத்தானின், பெயர்தான் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை. உயில் இல்லாமல் ஒருவர் போய்விட்டால் சிங்கப்பூர்ச் சட்டப்படி சொத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, வண்டியில் பாதி என் அக்காவுடையது. கால் பங்கு உனக்கு, கால் பங்கு உன் தம்பிக்கு. குடும்ப நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினால்தான் நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டியைப் பெயர் மாற்றும். பெயர் மாறாத வண்டிக்கு முன்பணம் வாங்குவது, அடுத்த வீட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகிற கதை. தம்பி "எனக்கு ஒன்றும் வேண்டாம் அக்கா" என்று சொன்னதாகச் சொன்னாய். அதை ஒரு வரி எழுதி வாங்கிக்கொள். பாசம் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது. அதுவரை வண்டியைச் சாலையில் எடுக்காதே. இறந்தவர் பெயரில் இருக்கும் இன்சூரன்ஸை நம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இனி என் கதை ஒன்று. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

நான் ஃபார்வர்டிங் ஆபீஸில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பிறர் சரக்குக்குக் காகிதம் எழுதினேன். 1993-ல் என்னிடம் ஒரு டிரையம்ஃப் ஹெரால்டு இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஓடியதே, அதன் ஆங்கிலேய அண்ணன். பெர்த்திலிருந்து ஒரு பல் டாக்டர் கேட்டார். ஹெரால்டுக்குத் தனியாக ஒரு சேசி உண்டு; அதிலிருந்து பக்கவாட்டில் கைகள் மாதிரி இரும்புச் சட்டங்கள் நீளும். பின்பக்கம் இடது கையை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினேன். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். அது 'பொத்' என்றது. உள்ளே துரு தின்றுவிட்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடிப்பாகம் முழுக்கத் தார்ப் பூச்சு அடித்தேன். புதுசு போல மின்னியது. படம் எடுத்து அனுப்பினேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம்: அந்தச் சட்டம் கழன்று தரையில் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு குழந்தையின் செருப்பு. படத்தின் பின்னால் "என் மகள் பின் சீட்டில் இருந்தாள், நலமாக இருக்கிறாள்" என்று மட்டும் எழுதியிருந்தார். வசவு இல்லை, பணம் கேட்கவில்லை. பழுது பார்க்கும் செலவை நானே விசாரித்து அனுப்பிவைத்தேன். பணம் போனது மறந்துவிட்டது. அந்தச் செருப்பு மறக்கவில்லை.

ஆகவே உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீ வண்டியைக் கண்ணால் பார்க்காத ஒருவருக்கு விற்கிறாய். தேக்கா சந்தையில் மீன் வாங்குபவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். அவனை ஏமாற்றுவது கடினம், ஏமாந்தாலும் பாதிக் குற்றம் அவனுடையது. கடலுக்கு அப்பால் இருப்பவருக்குச் செவுளைத் தூக்கிக் காட்ட உன் கையைத் தவிர வேறு கை இல்லை. அவருடைய கண்ணாக நீ இருக்க வேண்டும். அதே அளவுக்கு, உன் கண்ணையும் நீ மூடிக்கொள்ளக் கூடாது.

அந்த நாற்பது கேள்விகளுக்கு வருகிறேன். அவை உனக்கு எரிச்சலாக இருந்தன என்றாய். எனக்கு அவை நிம்மதியைத் தந்தன. வண்டியை உண்மையாகவே வாங்கப்போகிறவர்தான் அப்படிக் கேட்பார். முன்சக்கரத்துக் கீழ் மூட்டுக்கு எப்போது கிரீஸ் அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறாரே, மைனரை அறிந்தவர் கேட்கிற கேள்வி அது. அந்த மூட்டுக்கு கிரீஸ் காட்டாவிட்டால் ஒருநாள் சக்கரம் மடிந்து வண்டி மண்டியிட்டுவிடும். அத்தான் சனிக்கிழமை தோறும் புளோக்குக்குக் கீழே கிரீஸ் கன்னோடு குந்தியிருப்பாரே, அது இதற்காகத்தான்.

பதிலைப் படங்களாகவே அனுப்பு. அன்றைய தமிழ் முரசை பானெட்டின் மேல் தேதி தெரியும்படி வைத்து முதல் படம். பிறகு பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் சேசி எண். எண்ணுக்கு முன்னால் 'எம்ஏ2எஸ்' என்று எழுத்துகள் தொடங்கினால் அது ஆலையிலேயே இரண்டு கதவு சலூனாகப் பிறந்தது என்று பொருள். மேற்கூரை மடங்கும் மைனருக்கு விலை அதிகம் என்பதால் சலூனின் கூரையை அறுத்து மாற்றி விற்பவர்கள் உண்டு. அதனால்தான் விவரமறிந்தவர் முதலில் அந்த எழுத்துகளைக் கேட்பார்.

அடுத்து துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்பக்க இலை ஸ்பிரிங் தொங்கும் இடம், ஜாக் வைக்கும் குறுக்குச் சட்டம்: மைனருக்கு நோய் வருகிற இடங்கள் இவை. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு எடு. ஓட்டை இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பத்துக் காசை வைத்து எடு, அளவு தெரியட்டும். விக்கோமிலோ ஆட்டோமொபைல் அசோசியேஷனிலோ ஒரு பரிசோதனை செய்து அந்த அறிக்கையையும் அனுப்பு. அவர் சார்பில் யாராவது வந்து பார்க்கட்டும் என்று நீயே முந்திச் சொல். இதனால் விலை இறங்குமே என்பாய். ஐந்நூறு வெள்ளி இறங்கலாம். இப்போது இறங்குகிற ஐந்நூறு, கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு சண்டையாக வருகிற ஐயாயிரத்தைவிடச் சிறிது.

ஆனால் ஒன்று. வண்டியின் எல்லா ரகசியத்தையும் சொல். உன் ரகசியத்தைச் சொல்லாதே. அடையாள அட்டை நகல், சிங்பாஸ் விவரம், வீட்டு முகவரி தெரியும் லாக் கார்டின் முழுப்படம் எதுவும் போகக் கூடாது. வேண்டிய வரிகளை மட்டும் வைத்து மீதியை மறைத்து அனுப்பு.

இப்போது மெல்பர்ன்காரர். ஆஸ்திரேலியாவுக்கு 25 வயதைக் கடந்த கார் போகலாம், அதில் தடையில்லை. ஆனால் கப்பல் ஏறும் முன்பே அங்குள்ள அரசிடம் இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் அந்த நாட்டில் அதற்கு முழுத் தடை. இறக்குமதியாகும் பொருளில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. 1959-ஆம் வருஷத்து வண்டியில் பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் என்று அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்? கழற்றி மாற்றி, இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இது எதையும் கேட்காமல், அனுமதி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "இந்த மாதமே ஏற்று" என்பவருக்கு ஒன்று, விவரம் தெரியவில்லை. அல்லது வண்டியே வேண்டாம். அவரிடம் அனுமதி எண்ணைக் கேள். மறுநாளே பேச்சு மாறும் பார்.

இங்கிலாந்தின் கணக்கு வேறு. முப்பது வயதைக் கடந்து, அசல் நிலையில், உற்பத்தி நின்றுபோன மாடலாக இருந்தால் அங்கே அதைச் சேகரிப்புப் பொருளாக ஏற்பார்கள். சுங்கவரி இல்லை, வாட் 5 சதவீதம் மட்டும். சாதாரணக் காராகப் போனால் சுங்கவரி 10 சதவீதம், அதன்மேல் வாட் 20 சதவீதம். வண்டியும் கப்பல் கூலியும் சேர்ந்து 8,000 பவுண்டு என்று வை. ஒரு வழியில் 400 பவுண்டு, மறுவழியில் 2,560. வரி கட்டப்போவது அவர்தான். ஆனால் எந்த வழி என்று முடிவு செய்வது நீ அனுப்புகிற காகிதம். இன்வாய்ஸில் 'பழைய கார்' என்று மொட்டையாக எழுதாதே; தயாரித்த வருஷம், சேசி எண், என்ஜின் எண், மாற்றம் செய்யாதது என்று எழுது. இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேசி எண்ணைக் கொடுத்தால் வண்டி பிறந்த விவரத்துக்குச் சான்றிதழ் தருவார்கள். அதை வாங்கிவிடு. அந்தத் தாள் நம் வண்டியின் ஜாதகம்.

கோயம்புத்தூர் சித்தப்பா "இங்கேயே அனுப்பிவிடு" என்கிறாராமே. அவர் ஆசையில் தப்பில்லை. ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளை இறக்குமதி செய்ய இந்தியா 2025-ல் வழி திறந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டிகளுக்கு 'விஏ' என்று தனி எண் வரிசையும் 2021-லிருந்து இருக்கிறது. பத்து வருஷப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அங்கே சுங்கவரி மிக அதிகம். அதை அவர் கட்டத் தயாரா என்று முதலில் கேள். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகம் அவர் ஊரிலேயே இருக்கிறது. ஆசை தீர அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

சிங்கப்பூரிலேயே ஆள் கிடைக்காதா என்றும் ஒரு கை பார்த்துவிடு. மலேசியா சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் ஆட்களிடம் சொல்லிவை. கிடைத்தால் எல்லாத் தலைவலியும் மிச்சம். ஆனால் 35 வயதைக் கடந்த கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு எண்ணி வைத்த நாட்கள்தான் ஓட்ட முடியும். இடமும் இல்லை, கார் நிறுத்தக் கட்டணம் வேறு. அதனால் இங்கே விலை சொல்பவர் குறைவாகத்தான் சொல்வார்.

பணத்துக்கு வருவோம். அதில் மட்டும் மாமாவின் பேச்சைத் தட்டாதே.

முழுப் பணமும் உன் வங்கிக் கணக்கில் வந்து, இனி யாரும் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கி சொன்ன பிறகுதான் வண்டியின் பதிவில் கை வைக்க வேண்டும். டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் எனப்படும் நேரடி வங்கி மாற்று மட்டும் போதும். காசோலையோ டிராஃப்டோ வேண்டாம். எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு பையனுக்கு இப்படித்தான் நடந்தது. வாங்குபவர் அனுப்பிய டிராஃப்டில் விலையைவிட ஆறாயிரம் கூடுதல். "தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, அந்த ஆறாயிரத்தை என் கப்பல் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று செய்தி. கணக்கில் பணம் தெரிகிறதே என்று இவன் அனுப்பிவிட்டான். மூன்று வாரம் கழித்து டிராஃப்ட் போலி என்று திரும்பியது. கணக்கில் தெரிந்த பணம் மறைந்தது. இவன் அனுப்பிய ஆறாயிரம் மட்டும் உண்மையான பணம். கூடுதலாகப் பணம் வந்தால் அதைப் பரிசு என்று நினைக்காதே, தூண்டில் என்று நினை. பணத்தை நடுவில் வைத்துக்கொள்வோம் என்று வாங்குபவரே ஓர் இணையதளத்தைக் காட்டினாலும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேள், வெட்கப்படாதே.

விலையை சிங்கப்பூர் வெள்ளியில் சொல். பவுண்டில் பேசினால் நாணய மாற்று ஏறி இறங்குவது உன் தலையில் விழும். இரு பக்கத்து வங்கிக் கட்டணமும் அனுப்புபவருடையது என்று முதலிலேயே எழுதிவிடு. இல்லாவிட்டால் பணம் நாற்பது ஐம்பது வெள்ளி குறைந்து வந்து, அதற்கொரு கடிதப் போக்குவரத்து நடக்கும்.

பணம் வந்துவிட்டது என்று வை. அடுத்து வரிசை முக்கியம். இதைத் தனித்தாளில் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவை.

முதலில் கப்பலில் இடம் பதிவாக வேண்டும். பிறகு, பதிவெண்ணை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவு. அதன் பிறகுதான் ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் இணையதளத்தில் பதிவு ரத்து. ரத்தை அவசரப்பட்டு முதலில் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தான நிமிஷத்திலிருந்து வண்டி சாலையில் ஓடவோ, பொதுக் கார் நிறுத்தத்தில் நிற்கவோ கூடாது, இழுவை வண்டிதான். ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டு ஏற்றுமதியானதற்கு ஆணையத்திடம் ஆதாரம் காட்ட வேண்டும். அதற்குள் கப்பல் கிடைக்கவில்லை என்றால், ஏற்றுமதிக்காக நிற்கும் வண்டிகளுக்கென்று உள்ள வளாகத்தில் வாடகை கொடுத்து வைக்க வேண்டும். மனம் மாறித் திரும்பக் கொண்டுவர நினைத்தால், வெளிநாட்டு வண்டியைப் புதிதாக இறக்குகிற மாதிரிதான்: கலால் தீர்வை 20 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம், பிறகு பதிவுக் கட்டணங்கள்.

பதிவெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் அதற்கு வேறு எண் கொடுத்துவிடுவார்கள். நம் எண் அவருக்கு வெறும் தகடு. சிங்கப்பூரில் பழைய எண்களுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. உன் தம்பி கார் வாங்கும்போது அப்பாவின் எண் அதில் இருக்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டால், அந்த விண்ணப்பத்தை ரத்துக்கு முன்னால் முடித்துவிடு.

ஏற்றுமதி அனுமதியை ஃபார்வர்டர் டிரேட்நெட் வழியாகச் சுங்கத்துறையிடம் வாங்கித் தருவார். 1989-ல் டிரேட்நெட் வந்தபோது நாங்கள் அலறினோம், வேலை போய்விடும் என்று. அதுவரை ஒரு அனுமதிக்குக் கட்டுக்கட்டாகத் தாளைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக அலைவோம். இப்போது நிமிஷத்தில் வந்துவிடுகிறது. அதனால், தப்பாக எழுதினாலும் நிமிஷத்தில் போய்விடும். வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குபவர் கேட்டால் மறுத்துவிடு. கையெழுத்து உன்னுடையது.

விற்பனை நிபந்தனை என்ன என்று ஃபார்வர்டர் கேட்பார். 'எக்ஸ் ஒர்க்ஸ்' வேண்டாம். உன் வீட்டு வாசலோடு உன் பொறுப்பு முடிந்தது என்று அது சொல்லும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஏற்றுமதியானதற்கு ஆணையத்திடம் பதில் சொல்ல வேண்டியவள் நீ. கடிவாளம் வேறு ஒருவர் கையில், குதிரைக்குப் பொறுப்பு நீ என்று ஆகிவிடும். கன்டெய்னரில் போகிற சரக்குக்கு 'எஃப்சிஏ' பொருத்தம்: இங்குள்ள காகிதமெல்லாம் நீ முடித்து, கன்டெய்னர் முனையில் ஒப்படைத்ததும் ஆபத்து அவருடையதாகிவிடும். பழைய பழக்கத்தில் எல்லோரும் 'எஃப்ஓபி' என்பார்கள். அதில் சரக்கு கப்பலில் ஏறும்வரை ஆபத்து உன்னுடையது.

பில் ஆஃப் லேடிங் என்று ஒரு தாள் வரும், வழக்கமாக மூன்று அசல். துறைமுகத்தில் வண்டியைக் கேட்கிற உரிமை அந்தத் தாளை வைத்திருப்பவருக்குத்தான். என் முதலாளி அதைச் சாவி என்றே சொல்வார். விலை போக வேறு பாக்கி ஏதாவது இருந்தால் தீரும்வரை அசல் உன் அலமாரியில் இருக்கட்டும். நகலை ஆணையத்துக்குக் கொடு.

கார்க் கப்பலில் ஓட்டி ஏற்றலாம், கூலி குறையும். ஆனால் இது கிழவண்டி, பலர் கை படும். இருபதடி கன்டெய்னரே போதும். உள்நீளம் 5.9 மீட்டர், நம் மைனர் 3.8 மீட்டருக்குள். ஏற்றுகிற அன்று நீ கூட இரு. டாங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்க வேண்டும், பேட்டரி ஒயர் கழற்றியிருக்க வேண்டும். வாரைச் சக்கரத்தில் கட்டச் சொல். பம்பரில் கட்டினால் கடல் ஆட்டத்தில் பம்பர் தனியாக லண்டன் போய்ச் சேரும். கன்டெய்னர் கதவு மூடியதும் சீல் எண்ணைப் படம் எடு.

இன்சூரன்ஸை 'முழு நாசத்துக்கு மட்டும்' என்று மலிவாக எடுக்காதே. கார்கோ கிளாஸஸ் 'ஏ' கேள், ஒப்புக்கொண்ட மதிப்பில். எல்லாம் சரியாகத்தான் போகும் என்பாய். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றதே, பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. ஜெனரல் ஆவரேஜ் என்று அறிவித்தார்கள். கப்பலைக் காப்பாற்றிய செலவில் அதில் சரக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் பங்கு கொடுக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். உன் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும், பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் பெட்டியை விட மாட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு அதைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. இல்லாதவர்கள் கையைப் பிசைந்தார்கள். அடுத்த வருஷம் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார்க் கப்பல் ஏறக்குறைய நாலாயிரம் கார்களோடு அட்லாண்டிக்கில் எரிந்து மூழ்கியது. கடல் யாரிடமும் சொல்லிவிட்டு வருவதில்லை.

காகிதக் கதை இவ்வளவுதான். இனி அக்காவைப் பற்றி.

"அவர் உசுரு மாதிரி வச்சிருந்த வண்டியை வெள்ளைக்காரனுக்கு விக்கிறதா?" என்று அவள் அழுதாள் என்றாய். அவளிடம் நீ ஒன்றை நினைவுபடுத்து. அந்த வண்டி வந்ததே வெள்ளைக்காரரிடமிருந்துதான். பிரிட்டிஷ்காரர்கள் 1971-ல் செம்பவாங் கடற்படைத் தளத்தைக் காலி செய்துகொண்டு போனபோது, அங்கே ஃபிட்டராக இருந்த அத்தானுக்கு ஒரு அதிகாரி மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். 1975-ல் பழைய காரைக் கழித்தால் புதுக் காரின் பதிவுக் கட்டணத்தில் சலுகை என்று அரசு சொன்னது. அக்கம்பக்கத்தில் எத்தனையோ மைனர்கள் பழைய இரும்புக்குப் போயின. இவர் அசையவில்லை. 1990-ல் காரை ஓட்டும் உரிமைச் சீட்டான சிஓஇ வந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது 150,000 வெள்ளியைத் தாண்டியபோது, "என் வண்டியின் விலையைவிட அது ஓடுவதற்கான சீட்டின் விலை அதிகம்" என்று சிரித்தார். சுங்கை ரோடு சந்தையில் இதற்கு பல்பும் திருகாணியும் தேடி அலைவார்; 2017 ஜூலையில் சந்தை மூடிய கடைசி நாளில்கூட என்னை இழுத்துக்கொண்டு போனார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தது அவர் ஆசை. பல மாடிக் கார் நிறுத்தத்தில் துணிக்கடியில் அது அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஓட வேண்டும் என்றுதான் கிரீஸ் அடித்தார்.

குளோவ் பாக்ஸில் அவருடைய நீல அட்டை நோட்டு இருக்குமே, ஆயில் மாற்றிய தேதி, டயர் மாற்றிய தேதி, எல்லாம் தமிழில். அதை நகல் எடுத்துக்கொண்டு அசலை வண்டியோடு அனுப்பு. உனக்கு மனம் வராது. ஆனால் அது வண்டியின் மருத்துவக் குறிப்பு. முக்கியமான பக்கங்களை ஆங்கிலத்தில் எழுதி உள்ளே செருகு. வாங்குபவர் முதல் வேலையாக அதைத்தான் படிப்பார்.

அதில் ஒரு பக்கத்தில் "இ. கை. மாட்டுது, தட்டணும்" என்று எழுதியிருக்கும். இடது கைகாட்டி. அந்தக் காலத்து மைனருக்குக் கண் சிமிட்டும் விளக்கு கிடையாது; கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று நீண்டு திரும்புகிற பக்கத்தைக் காட்டும். நம் வண்டியில் இடது கை சிக்கிக்கொள்ளும். பின் சீட்டில் நீ உட்கார்ந்திருப்பாய். ரேஸ் கோர்ஸ் சாலைத் திருப்பம் வந்ததும் அத்தான் திரும்பிப் பார்க்காமலே "அம்மாடி!" என்பார். நீ எட்டி, உள்ளங்கையால் தூணை ஒரு தட்டு தட்டுவாய். கை வெளியே வரும். நாலு வயதில் தொடங்கிய வேலை உனக்கு. உனக்கு அது ஒரு குறை என்றே தோன்றியிருக்காது.

இங்கிலாந்துக்காரருக்கு அனுப்புகிற குறைப் பட்டியலில் துரு, ஓட்டை எல்லாம் எழுதிய பிறகு அதையும் எழுது. எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று விவரமாகவே எழுது.

ஏற்றுகிற தேதி முடிவானதும் சொல். கன்டெய்னர் முனைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா